கிளைட்டனின் முழங்கால்

உறிஞ்சிக்கொண்டிருந்த குழாய் திணறி நின்றதும் நேசக்குமார் லாரியின் மோட்டாரை அணைத்தான். செப்டிக் டேங்கில் இன்னும் பாதி கிடந்தது.

அண்ணன் தம்பி இருவர் வீட்டுக்கும் பொதுவான தொட்டி அது. அண்ணன் பர்னபாஸ் விசைப்படகு வைத்திருந்தார். தம்பி கிளைட்டன் கப்பல் வேலையிலிருந்து விடுப்பில் வந்திருந்தான். தொட்டி நிறைந்து சமையலறைகளுக்குள் எதிர்த்து ஏறிப் பத்து நாள். அடைத்தது யார் வீட்டுக் குப்பை என்று பத்து நாளும் சண்டை.

"துணி மாட்டியிருக்கு. குழாயை வெளிய இழுத்துத் தண்ணி பாய்ச்சினா வந்துரும். அரை மணி நேரம் ஆவும்" என்றான் நேசக்குமார்.

"நீ இறங்கினா அஞ்சு நிமிசம்" என்றார் பர்னபாஸ்.

"இறங்க மாட்டேன் அண்ணாச்சி. உள்ள விசவாயு நிக்கும்."

"உங்க வீட்டுத் துணிதான் அது. நீங்களே இறங்கி எடுங்க" என்றான் கிளைட்டன்.

பர்னபாஸ் தம்பியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். சாரத்தை மடித்துக் கட்டி, ஏணியைத் தூக்கித் தொட்டிக்குள் விட்டார். "இறங்காதிய" என்று நேசக்குமார் ஓடி வருவதற்குள் நான்கு படி போய்விட்டார். அடுத்த படியில் அவர் கை ஏணியை விட்டது. ஒரு சத்தமும் போடவில்லை.

நேசக்குமார் கயிற்றைப் போட்டான். பிடிக்க உள்ளிருந்து கை எழவில்லை. கிளைட்டன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஏணியில் கால் வைத்தான். நேசக்குமார் அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். கிளைட்டன் திரும்பி முகத்தில் குத்தினான்; உதடு கிழிந்தது. மறுபடி ஏணிக்குப் பாய்ந்தான்.

ஒரு லாட்ஜில் ஒருவரைத் தூக்க ஒருவராக மூன்று பேர் தொட்டிக்குள் இறங்கிச் செத்ததை நேசக்குமார் பார்த்திருக்கிறான். மூடி பெயர்க்கும் கடப்பாரையை எடுத்து கிளைட்டனின் முழங்காலில் அடித்தான். எலும்பு முறிந்தது காதில் கேட்டது. விழுந்தவன் கைகளை ஊன்றித் தொட்டியை நோக்கி நகர்ந்தான். நேசக்குமார் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

பர்னபாஸின் மனைவி எமில்டா செங்கல்லால் அவன் காதில் அடித்தாள். தெருவே திரண்டு வந்து மிதித்தது. விலா எலும்பு உடைந்தபோதும் அவன் கிளைட்டனை விடவில்லை.

"அடிங்க. ஒருத்தரும் உள்ள போவாதிய. பயர் சர்வீசுக்குப் போன் போடுங்க" என்று ரத்தத்தைத் துப்பித் துப்பிச் சொல்லிக்கொண்டேயிருந்தான்.

இருபது நிமிடத்தில் தீயணைப்பு வண்டி வந்தது. முகமூடி போட்டவர் இறங்கி பர்னபாஸைக் கட்டி ஏற்றினார். உயிர் இல்லை.

அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள் எமில்டா போன் செய்தாள். "வேற லாரிக்காரன் எவனும் வர மாட்டேங்கான்." காதில் கட்டோடு, விலாவைப் பிடித்துக்கொண்டு நேசக்குமார் வந்தான். கிளைட்டன் மாவுக்கட்டுக் காலை நீட்டி, தொட்டியருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். போலீசில் அவன் புகார் எழுதிக் கொடுக்கவில்லை. 

தொட்டி காலியாகி மூடியை வைத்த பிறகு கிளைட்டன் கேட்டான்:

"விழுந்தப்போ அண்ணனுக்கு உசிரு இருந்துச்சா?"

"தெரியல."

"என் காலை நீ உடைக்காம இருந்தா தெரிஞ்சிருக்கும்."

நேசக்குமார் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தான்.