பார்த்துச் சொன்னவள்

பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்ததால் எல்லோரும் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கூடத்தில் யாரோ கேலியாக வைத்த பெயர், தெருவரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. "பல்லக்கான்னதும் பல்லக்குல போறவன்னு நினைச்சிடாதீங்க, ரெண்டு பஸ் மாறிப் போறவ" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பல் வார்த்து, தேய்த்து, பக்கத்துப் பற்களோடு பொருந்துகிற மாதிரி நிறம் சேர்ப்பது அவள் வேலை. வெள்ளையில் இத்தனை வெள்ளை உண்டு என்று அங்கே போன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

கணவர் லாரி ஓட்டியவர். முதுகெலும்பு பழுதாகி வண்டியை விட்டு இறங்கினவர், அப்புறம் டி.வி.க்கு எதிரே இருந்த நாற்காலியை விட்டு அதிகம் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் இல்லை. வீட்டில் சண்டை ஒன்றும் கிடையாது. பேச எதுவும் மிச்சமில்லை, அவ்வளவுதான். மாலையில் வீடு திரும்பினால் சமையலறையில் குக்கர் சத்தமும் முன்னறையில் டி.வி. சத்தமும்தான் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும்.

கூடவே வேலை பார்க்கும் பெண் ஒருத்திதான் அந்தச் செயலியைப் போனில் இறக்கிக் கொடுத்தாள். ஒரு தொண்டு நிறுவனம் நடத்துவது. பார்வை இல்லாதவர்கள் எங்கிருந்து வேண்டுமானாலும் வீடியோவில் அழைக்கலாம். அழைப்பு ஒரே சமயத்தில் பல தன்னார்வலர்களுக்குப் போகும், முதலில் எடுப்பவர் பேசலாம். தமிழ் பேசுகிறவர்களுக்குத் தமிழ் பேசுகிறவர்களே வருவார்கள். பேர், ஊர், நம்பர் எதுவும் இரண்டு பக்கமும் தெரியாது. அதுதான் விதி.

முதல் அழைப்பில் ஒரு பெண், கையில் இருந்த இரண்டு காலுறைகளும் ஒரே ஜோடியா என்று கேட்டாள். இல்லை, ஒன்று கறுப்பு, ஒன்று கருநீலம். "நல்லவேளை, இன்டர்வியூக்குப் போறேன்" என்றாள் அவள். பல்லக்காவுக்கு அன்று முழுக்க மனசு லேசாக இருந்தது. பிறகு பால் பாக்கெட் தேதி, மாத்திரை அட்டை, கரண்ட் மீட்டர் என்று தினமும் ஏதாவது வந்தது. கணவர் நாற்காலியிலிருந்தே சொல்வார்: "முன்னபின்ன தெரியாதவனுக்கெல்லாம் பால் நல்லாருக்கான்னு பார்த்துச் சொல்றா. எனக்குப் போட்ட டீ ஆறி அரை மணி நேரம் ஆச்சு." ஆனால் போன் அடித்தால் டி.வி. சத்தத்தைக் குறைப்பவரும் அவர்தான்.

ஒரு சனிக்கிழமை காலை. துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது, எடுத்தாள். திரையில் முதலில் ஒரு மின்விசிறிதான் தெரிந்தது.

"வணக்கம்மா" என்றார் ஒரு வயதானவர். நிதானமான குரல். "ஒரு சின்ன உதவி. என் மனைவி எழுந்திருக்க மாட்டேங்கிறா. கை சில்லுனு இருக்கு. நீங்க பார்த்துச் சொல்லணும்."

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "ஐயா, முதல்ல ஆம்புலன்சுக்குச் சொல்லுங்க."

"சொல்லிட்டேன். வந்துட்டிருக்காங்க. அவங்க வர்றதுக்குள்ள எனக்குத் தெரியணும். வந்தா எங்கிட்டச் சொல்ல மாட்டாங்கம்மா. பக்கத்துல கண்ணு தெரிஞ்சவங்க யாராவது நின்னா அவங்ககிட்டதான் சொல்வாங்க. எப்பவும் அப்படித்தான்."

போனைக் கொஞ்சம் கீழே சாய்க்கச் சொன்னாள். ஜன்னல் சாத்திய அறை, ஒரு கட்டில், பச்சைக் கோடு போட்ட போர்வை, ஒருக்களித்துப் படுத்திருந்த ஒல்லியான அம்மாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. உதட்டின் நிறத்தைப் பார்த்ததுமே பல்லக்காவுக்குப் புரிந்துவிட்டது. நாள் முழுக்க நிறம் பார்க்கிற கண் அது.

"சரியாத் தெரியலைங்க ஐயா" என்றாள். "ரூம்ல வெளிச்சம் பத்தலை."

"ஓ, லைட் போடலையா? அவதான் போடுவா, எனக்கு அது ஞாபகமே இருக்கிறதில்ல."

படம் ஆடியது. செருப்பு தேய்கிற சத்தம், சுவரைத் தடவுகிற சத்தம். பிறகு சுவிட்ச் சத்தம். திரை இருண்டு போனது.

"இப்பத் தெரியுதா?"

அவள் பதில் சொல்லவில்லை.

"அப்ப இவ்வளவு நேரம் லைட் எரிஞ்சிட்டுதான் இருந்திருக்கு" என்றார் பெரியவர். குரலில் கோபம் இல்லை. மறுபடியும் சுவிட்சைப் போட்டார். "சொல்லுங்கம்மா. பரவால்ல."

"இறந்துட்டாங்க ஐயா" என்றாள். "ரொம்ப நேரம் ஆயிருக்கும்னு தோணுது. தூக்கத்துலயே போயிருப்பாங்க. முகத்துல கஷ்டம் எதுவும் தெரியலை."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததைப் படம் அசைந்ததில் தெரிந்துகொண்டாள். "கண்ணு மூடியிருக்கா?"

"இல்லைங்க."

"மூடணும். எங்க வைக்கணும்னு சொல்லுங்க, குத்திடப் போறேன்."

அவள் சொல்லச் சொல்ல அவர் விரல் கன்னத்திலிருந்து மெல்ல மேலேறியது. இன்னும் கொஞ்சம் மேலே, கொஞ்சம் இடது பக்கம், ஆங், அங்கேதான், இப்போது கீழே இறக்குங்கள். இரண்டு கண்ணையும் மூடினார். கையை எடுக்காமல் நெற்றியைத் தாண்டித் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"முடி நரைச்சிருக்காம்மா?"

இந்தத் தடவை அவள் தயங்கவில்லை. "நரைச்சிருக்குங்க. முழுக்கவே வெள்ளை."

பெரியவர் மூக்கால் சிரித்தார், அல்லது அழுதார். எதுவென்று பிரிக்க முடியவில்லை. "ஒரு முடிகூட நரைக்கலைன்னு சொல்லிட்டே இருப்பா. பொய்க்காரி" என்று அந்த அம்மாளின் பக்கம் குனிந்து சொன்னார். "பொய்க்காரி."

கதவு தட்டும் சத்தம் கேட்டது. போன் போர்வை மேல் விழுந்து திரையெல்லாம் பச்சையானது. ஆட்கள் உள்ளே வரும் காலடி. "கூட யாராவது இருக்காங்களா சார், கண்ணு தெரிஞ்சவங்க?" என்று ஒரு குரல் கேட்டது. "போன்ல ஒரு அம்மா இருக்காங்க" என்றார் பெரியவர். அதோடு தொடர்பு அறுந்தது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள். கணவர் டி.வி.யை அணைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி அவள் இருந்த அறையின் வாசல் வரை வந்தார். எல்லாவற்றையும் சொன்னாள், லைட் விஷயம் உட்பட.

"நம்பர் வாங்கிக்கலையா?"

"அதுல வராது."

"எந்த ஊருன்னாவது?"

"தெரியாதுங்க."

அவர் அன்று இரவு வரை டி.வி.யைப் போடவில்லை.

அந்தப் பெரியவருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று, நடந்ததை விவரித்து நிறுவனத்துக்கு எழுதினாள். விதிப்படி விவரம் தர முடியாது என்றும், அந்தக் கணக்கே மூடப்பட்டுவிட்டது என்றும் பணிவாகப் பதில் வந்தது. அதற்குப் பிறகு அழைப்பு வரும்போதெல்லாம், அந்தக் குரலாக இருக்குமோ என்ற நினைப்போடுதான் போனை எடுத்தாள். கணக்கை மூடியவர் எப்படி வருவார் என்று அறிவு சொல்லும். கை கேட்காது.

சில மாதம் கழித்து, தன்னார்வலர்களைக் கவனித்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர் பெண்ணே கூப்பிட்டாள். இளவயது, படபடவென்று பேசுகிறவள், ஆனால் நல்ல பிள்ளை. நன்கொடை குறைந்துவிட்டதாம். இப்படியே போனால் சேவையை நிறுத்த வேண்டி வரும், இணையத்தில் ஒரு நிதி திரட்டல் தொடங்குகிறோம் என்றாள்.

"நீங்க எழுதியிருந்தீங்களேக்கா, அந்தச் சம்பவம். அதை நீங்களே ஒரு வீடியோல சொன்னா ஜனங்க கேப்பாங்க."

"அது அவரோட வீட்டு விஷயம்மா. அவரைக் கேக்காம எப்படி?"

"கேக்க வழியே இல்லக்கா, கணக்கை மூடிட்டார். பேரு இல்ல, ஊரு இல்ல, யாருன்னு யாருக்கும் தெரியப் போறதில்ல. நூத்துக்கணக்கான பேர் தினமும் கூப்பிடுறாங்க. நாளைக்கு அவங்க கூப்பிட்டா எடுக்க ஆள் இருக்கணும்ல?"

அவள் இரண்டு நாள் யோசித்தாள். கணவர், "உன் இஷ்டம்" என்றார். காலுறை கேட்ட பெண்ணை நினைத்துக்கொண்டாள். சரி என்றாள்.

பல் கூடத்திலேயே, அச்சுகள் அடுக்கிய அலமாரிக்கு முன்னால் அவளை உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். நரைமுடி விஷயத்தைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் உட்கார்ந்தாள். ஆனால் விளக்கு முகத்தில் அடிக்க, எதிரே ஒருங்கிணைப்பாளர் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்க, பேச்சு அதன் போக்கில் போனது. அந்த வார்த்தையும் வந்துவிட்டது. லைட் விஷயம் வரவில்லை. சொல்ல வாய் வரவில்லையா, நேரம் வரவில்லையா என்று அப்போது அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

வீடியோ எங்கெங்கோ போனது. பின்னால் வயலின் இசை சேர்த்திருந்தார்கள். பலரும் பகிர்ந்தது அந்தக் கடைசித் துண்டைத்தான். 'பொய்க்காரி' என்ற ஒரு சொல்லை மட்டும் பூப்படத்தின் மேல் எழுதி, காதல் என்றால் இது என்று போட்டார்கள். கணவன்மார் மனைவிமாரை அப்படிக் கூப்பிட்டு விளையாடினார்கள். நன்கொடை வந்து குவிந்தது, சேவை பிழைத்தது. கூடத்தில் கேக் வெட்டினார்கள். கணவர்கூட வீடியோவை இரண்டு தரம் பார்த்தார். பார்த்துவிட்டு, "லைட்டைப் பத்தி நீ சொல்லலையே" என்றார். அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஒருங்கிணைப்பாளர் பெண்ணின் குரல் வழக்கம்போல் இல்லை. "அக்கா, அந்தப் பெரியவர் ஆபீசுக்கு போன் பண்ணினார். உங்ககிட்டப் பேசணுமாம். கொடுக்கட்டுமா?"

மதிய இடைவேளையில், கூடத்துக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்து பேசினாள். "வணக்கம்மா" என்ற அதே நிதானமான குரல் கேட்டதும், எத்தனையோ நாள் தேடினது கிடைத்துவிட்டது என்று ஒரு நிமிடம் மனசு பொங்கியது.

"ஐயா, எப்படி இருக்கீங்க? உங்களை எப்படியாவது பிடிச்சிடணும்னு எவ்வளவு..."

"இருக்கேன்மா. தங்கச்சி வீட்டுக்கு வந்துட்டேன். தங்கச்சி மகதான் அந்த வீடியோவைப் போட்டா. அவளுக்கு அது நான்தான்னு தெரியாது. 'மாமா, இதைக் கேளுங்களேன், அழுகையே வந்துடும்'னு காதுகிட்ட கொண்டுவந்து வச்சா."

அவள் மடியிலிருந்த சாப்பாட்டு டப்பாவை மூடிப் படியில் வைத்தாள்.

"முழுசும் கேட்டேன். நல்லாப் பேசியிருக்கீங்க."

"மன்னிச்சிடுங்க ஐயா. கேக்காம செஞ்சது தப்பு. சேவையே நின்னுடும்னு சொன்னாங்க..."

"தப்புன்னு சொல்ல வரலை. அந்தக் காசுல யாருக்கோ நல்லது நடக்கும். நானும் அந்த உதவியை வாங்கினவன்தான். ஆனா அன்னிக்கு அந்த ரூம்ல மூணு பேருன்னு நினைச்சிட்டிருந்தேன்மா. நான், அவ, நீங்க. எனக்கு அது ஆறுதலா இருந்துச்சு. அதை நினைச்சுக்கிட்டேதான் படுப்பேன். இப்ப நினைச்சா நான் சொன்னதுகூட உங்க குரல்லதான் வருது. பின்னாடி அந்த மியூசிக் வேற. என்ன பண்ணியும் அதைப் பிரிச்சு எடுக்க முடியலை. கண்ணு இல்லாதவனுக்கு அந்த ஞாபகத்துல இருந்ததே நாலு சத்தம்தான்."

படியில் யாரோ ஏறிப் போனார்கள். அவள் சுவரோரம் ஒதுங்கினாள்.

"அந்த வார்த்தையை இனிமே நான் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுல புருஷன் பொண்டாட்டியே அப்படிக் கூப்பிட்டுக்கிறாங்க." அப்புறம், மறந்துபோன எதையோ விசாரிக்கிற மாதிரி, "லைட் விஷயத்தை மட்டும் விட்டுட்டீங்களே, ஏன்மா?" என்று கேட்டார்.

"வெக்கமா இருந்துச்சுங்க" என்றாள்.

"ம்" என்றார். "சரி, வச்சிடறேன். உங்களுக்கு வேலை இருக்கும்."

அன்று மாலையே ஒருங்கிணைப்பாளர் பெண்ணைக் கூப்பிட்டு வீடியோவை எடுக்கச் சொன்னாள். அந்தப் பெண் ஒரு மறுப்பும் சொல்லாமல் எடுத்துவிட்டாள், அழுதாள்கூட. ஆனால் நிறுவனத்தின் பக்கத்தில்தான் எடுக்க முடிந்தது. மற்றவர்கள் வெட்டி ஒட்டிப் போட்டவை போட்ட இடத்திலேயே இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் போய், தயவுசெய்து நீக்குங்கள், இதில் வரும் பெண் நான்தான் என்று பல்லக்கா எழுதினாள். சிலர் நீக்கினார்கள். பலர் அதற்கும் இதயம் போட்டார்கள். ஒருவர், விளம்பரத்துக்குச் செய்துவிட்டு இப்போது என்ன நாடகம் என்று கேட்டார்.

"என்ன சொன்னாரு அந்தப் பெரியவர்?" என்று கணவர் கேட்டபோது, "சும்மா விசாரிச்சாரு" என்றாள்.

அழைப்புகளை எடுப்பதை அவள் உடனே விட்டுவிடவில்லை. விட்டால் அதுவும் ஒரு தப்பாகிவிடும் என்று தோன்றியது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஆனால் கூப்பிடுகிறவர்கள் குரலை வைத்தே ஆளைத் தெரிந்துகொள்கிறவர்கள். பஸ் நம்பர் கேட்ட ஒரு மாணவி பேச்சை நிறுத்திவிட்டு, "அக்கா, நீங்க அந்த வீடியோல பேசினவங்கதானே?" என்றாள்.

"இல்லம்மா. வேற யாரோ."

"அதே குரலாச்சேக்கா."

"இருபத்தேழு வருது, ஏறிக்கோ" என்றாள் பல்லக்கா.

வேறு சிலரும் அப்படியே கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு நாள் பஸ்ஸில் நின்றுகொண்டே செயலியைப் போனிலிருந்து அழித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, டீ போட்டு, கணவரிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டி.வி.யில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர், "உனக்கு போன் ஏதாவது வரும்னா சத்தத்தைக் குறைக்கட்டுமா?" என்றார்.

"வராது. இருக்கட்டும்" என்றாள்.