கைப்பிடி இல்லாத கோட்டை

உலகத்தில் வீடியோ கேம் செய்கிறவர்கள் அத்தனை பேரும் கூட்டமாக வந்து காலில் விழுந்தாலும் விரிசலார் அவர்களை மன்னிப்பதாக இல்லை. "எழுந்திருங்கய்யா, முதல்ல மாடிப்படிக்குக் கைப்பிடி வைங்க. அப்புறமா வந்து விழலாம்" என்று விரட்டியிருப்பார்.

நகராட்சியில் கட்டட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சுவரில் தலைமுடி அளவுக்குக் கோடு ஓடினாலும் தெருமுனையிலேயே மோப்பம் பிடித்துவிடுவார் என்பதால் வந்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் உயிரோடு இருந்தது. மனைவி நர்ஸம்மா, ஆபரேஷன் தியேட்டரில் காலம் தள்ளியவர். டாக்டரின் கை நடுங்கினால் இவர் ஒரு முறை முறைப்பார். நடுக்கம் நோயாளிக்குப் போய்விடும்.

மகன் வேலை மாற்றலாகிப் போனபோது வீடியோ கேம் பெட்டியையும் ஒரு கூடை நிறைய கேம்களையும் விட்டுவிட்டுப் போனான். கன்ட்ரோலர் இரண்டு இருந்தன. அதில் ஒன்றை, உள்ளே கட்டுமானம் எப்படி என்று பார்க்க விரிசலார் பிரித்தார். பிரித்தது பிரித்ததுதான். அதன் ஸ்பிரிங் ஒன்று இன்னும் சோபாவுக்குள்ளிருந்து அவ்வப்போது அவரையே குத்துகிறது. மிச்சம் இருந்த ஒற்றைக் கன்ட்ரோலருக்காக வீட்டில் ஒரு சட்டம் வந்தது: ஆடுகிறவர் செத்தால் கைமாற வேண்டும். சாகும்வரை மற்றவர் அதைப் பிடுங்கக் கூடாது.

ஆரம்பத்தில் குடும்பம் நிம்மதியாகத்தான் ஓடியது. காரணம், விரிசலார் உட்கார்ந்த சூடு ஆறுமுன் செத்துவிடுவார். பாலைவனத்தில் சுடுகிற கேமில் குண்டு மழை பொழியும்போது இவர் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரி முகாமைச் சுற்றி வந்தார்.

"நானூறு பேர் இருக்கிற முகாம்ங்கறான். ஒரு கக்கூஸ் இருக்கா பாரு! ஒரு சமையலறை? இவனுங்க எல்லாம் காத்தைக் குடிச்சிட்டு வெறும் கோபத்துலயே வாழறானுங்களா?"

அதற்குள் செத்திருந்தார்.

விண்கலத்துக் கேமில் கதவுகள் மேலே ஏறி இறங்கின. "கரன்ட் போனா எவன் திறப்பான்? உள்ளேயே கருவாடு ஆகவேண்டியதுதான்." செத்தார். பிணங்கள் எழுந்து நடக்கிற நகரத்துக் கேமில், "வெடிக்கிற பீப்பாயை நடைபாதையிலயா அடுக்குவான்? அந்த ஊர்ல செத்தவனே எழுந்து நடக்கிறான், ஒரு ஆய்வாளர் எழுந்து வரமாட்டேங்கறானே!" அங்கேயும் செத்தார்.

நர்ஸம்மாவுக்கும் இந்தக் கேம்களின்மேல் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. வயிற்றில் குண்டு பாய்ந்தவன் ஒரு பச்சைப் பாட்டிலைக் குடித்துவிட்டுக் குதித்து ஓடுவதைப் பார்த்தபோது, "இது தெரியாம ஆயுசு பூரா பஞ்சு சுத்தினேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் இகழ்ச்சி வேறு, வெற்றி வேறு என்று அவருக்குத் தெரியும். இகழ்ந்துகொண்டே ஒவ்வொரு கேமையும் முடித்து, கூடையில் எறிந்தார்.

அப்புறம்தான் கோட்டைக் கேம் வந்தது. எரிமலைமேல் ஒரு கோட்டை. அதன் கடைசி மண்டபத்தில் கொம்பு முளைத்த ஒரு ராட்சசன். நர்ஸம்மா விறுவிறுவென்று கொம்பன் வரைக்கும் போய், அவனிடம் அடிபட்டுச் செத்து, சட்டப்படி கன்ட்ரோலரை நீட்டினார்.

அவ்வளவுதான். கைவிட்டுப் போனது திரும்பவே இல்லை.

ஏனென்றால் அந்தக் கோட்டையில் வாளை உருவாதவரை எந்தக் காவலாளியும் சீண்ட மாட்டான். விரிசலார் உருவவே இல்லை. ஒரு வாரமாக ஒவ்வொரு தூணாக, ஒவ்வொரு படியாக ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஈட்டி பிடித்த காவலாளிகள், மாமனாரைக் கண்ட மருமகன்கள்போல ஒதுங்கி நின்றார்கள்.

இந்த லட்சணத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நர்ஸம்மாவின் தங்கையிடமிருந்து போன். தையல் பள்ளி நடத்துகிறவள். அக்கா நடக்கப் பழகியபோது தான் ஓடப் பழகியதாக இன்றைக்கும் சொல்லித் திரிகிறவள். அக்காவைவிட இரண்டு வயது சின்னவள் என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டில்லை.

"என்னக்கா, கொம்பனை முடிச்சாச்சா?"

"முடிச்ச மாதிரிதான்."

"மாதிரியா! நான் முந்தாநேத்தே முடிச்சிட்டேன். பாவம், உனக்கு வயசாச்சு, கை வராது. சாயங்காலம் வரேன். நான் அடிச்சுக் காட்டறேன், நீ பக்கத்துல உக்காந்து கத்துக்க."

போனை வைத்த நர்ஸம்மாவின் காதிலிருந்து வந்த புகையில் ஒரு கல்யாணத்துக்கே சமைத்திருக்கலாம். தங்கை படியேறுவதற்குள் கொம்பன் சாக வேண்டும். அதற்கு முதலில் புருஷன் சாக வேண்டும். திரையில்தான்.

"ஏங்க, அந்தக் காவலாளி உங்களையே முறைக்கிறான். ஒரு வெட்டு வெட்டுங்களேன்."

"அவனை எதுக்கு வெட்டணும்? அவன் சம்பளக்காரன். இதைக் கட்டின கான்ட்ராக்டரை வரச்சொல்லு, வெட்டறேன்."

"கொஞ்ச நேரம் என்கிட்ட குடுங்க. தங்கச்சி வர்றதுக்குள்ள..."

"சட்டம்னா சட்டம். மேயரே கெஞ்சினப்ப நான் கையெழுத்துப் போடல. நீ எம்மாத்திரம்?"

திரையில் அவர் மண்டபத்துக்கு முன்னாலிருந்த கல் பாலத்துக்கு வந்திருந்தார். கீழே நெருப்புக் குழம்பு கொதித்தது. விரிசலார் சோபாவிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"அடப்பாவிகளா! இந்தப் பாலத்துக்குக் கைப்பிடியே இல்ல! ரெண்டு பக்கமும் இல்ல! கீழ நெருப்பு ஓடுது, ஒரு கயிறாவது கட்டினானா? இதுல குதிரை வேற போகுதாம். இவனை எல்லாம் உள்ள தூக்கிப் போடணும்!"

அவர் வசைபாடி ஓயும்வரை நர்ஸம்மா பொறுமையாகக் காத்திருந்தார். கூடத்தில் போன் மினுங்கியது: பஸ்ஸைவிட்டு இறங்கிவிட்டாளாம். நர்ஸம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சுவரில் பல்லியைப் பார்த்ததுபோல் சாதாரணமாகச் சொன்னார்:

"ஏங்க, அந்த வாசல் வளைவுக்கு மேல ஒரு கோடு தெரியுதே, அது விரிசலா?"

"எங்க?"

"மேல. கிட்ட நின்னா தெரியாது."

கட்டட ஆய்வாளர்கள் எல்லோருக்கும் கைவந்த பழக்கம் ஒன்று உண்டு. விரிசலை முழுசாகப் பார்க்கப் பின்னால் நகர்வார்கள். அப்படி நகர்ந்து நகர்ந்து விரிசலார் உத்தியோக காலத்தில் விழாத சாக்கடை அந்த ஊரில் இல்லை. திரையிலும் அண்ணாந்தபடி பின்னால் ஓரடி வைத்தார். இன்னும் ஓரடி. கோணலாக இன்னொன்று. பக்கவாட்டில் பாலம் தீர்ந்துபோனது.

"ஐயோ" என்று ஒரு சத்தம். குழம்பு ஒரு கொதி கொதித்து அடங்கியது.

விரிசலார் துள்ளி எழுந்தார். பதவி உயர்வு வந்த அன்றைக்குக்கூட அந்த முகத்தில் அப்படி ஒரு களை இருந்ததில்லை. "சொன்னேனா இல்லையா! கைப்பிடி இல்லைன்னு தொண்டை கிழியச் சொன்னேனா! பாரு, விழுந்துட்டேன்! செத்தே போயிட்டேன்!"

"போயிட்டீங்க. குடுங்க இப்படி."

இந்த ஒரு வாரமாக நர்ஸம்மா சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. போன தடவை எல்லோரையும்போல வாளைச் சுழற்றியதுதான் தப்பு என்று யோசித்து வைத்திருந்தார். இப்போது கொம்பன் கோடாலியை ஓங்கும்வரை அசையாமல் நின்றார். ஓங்கியதும் பக்கவாட்டில் போய், இடுப்பில், ஊசி போடுகிற அதே இடத்தில், ஒரு குத்து. "அசையாம இரு. ஒண்ணும் ஆகாது" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு மறுபடி ஒன்று. ராட்சசன் தடுப்பூசிக்கு வந்த பிள்ளையைப்போல அலறினான்.

வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்த விரிசலாருக்கு நாக்கு துடித்தது.

"வாம்மா! அந்தப் பாலத்தைப் பார்த்தியா நீ? ஒரு கைப்பிடி உண்டா?"

"அத்தான், முதல்ல வழி விடுங்க."

"வழின்னதும் ஞாபகம் வருது. அந்த முகாம்ல ஒரு கக்கூஸ் கிடையாது, தெரியுமா?"

தங்கை அவருடைய கைக்கு அடியில் குனிந்து உள்ளே பாய்ந்தபோது கொம்பன் கடைசி ஊசியை வாங்கிக்கொண்டு மல்லாந்தான். அவன் விழுந்த அதிர்ச்சியில் கோட்டை மொத்தமும் பொலபொலவென்று உதிர்ந்தது.

"பாரு இந்த அநியாயத்தை!" என்றார் விரிசலார். "ஒரு ஆள் விழுந்ததுக்கே கட்டடம் இடிஞ்சா, அது கட்டடமா அப்பளமா?"

தங்கையின் முகம் சுண்டியது. சமாளித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். ஸ்பிரிங் குத்தியது. "பரவால்லையே, தட்டுத்தடுமாறி முடிச்சிட்ட. குடு, முதல்லேருந்து வேகமா எப்படி ஆடறதுன்னு நான் காட்டறேன்."

"இந்த வீட்டுல செத்தாத்தான் கைமாறும்" என்றார் நர்ஸம்மா.

கேமை முதலிலிருந்து தொடங்கினார். வாளை உருவவில்லை. கோட்டை வாசலுக்குள் மெதுவாக நடந்து போய், முதல் தூணின் முன்னால் நின்றார்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. இந்தத் தூண்ல ஈரம் ஏறியிருக்கோ?"

விரிசலார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆசையாக உட்கார்ந்தார். கோட்டையில் இன்னும் ஏகப்பட்ட தூண்கள் இருந்தன.