நுனி நாக்கில் ஒரு சொட்டு

திருவூடல் தெருவில் மெத்தை, தலையணை விற்கிற ரியாசுதீன் நான்தான். வயது ஐம்பத்தெட்டு. கோபக்காரன் என்று தெருவில் பெயர். அது பொய்யில்லை. இந்த ரமலான் வரைக்கும் நான் அடுப்பைப் பற்ற வைத்ததே கிடையாது. முன்பெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன், இப்போது வெட்கத்தோடு சொல்கிறேன்.

என் மனைவி ரசியா பேகத்துக்குத் தொண்டையில் கட்டி வந்தது. வேலூருக்குக் கூட்டிப்போய் முப்பத்து மூன்று நாள் கரண்ட், அதாவது ரேடியேஷன், வைத்தோம். கட்டி கரைந்துவிட்டது என்றார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கட்டியோடு சேர்ந்து நாக்கின் ருசியும் போய்விட்டது. உப்பு, புளிப்பு, இனிப்பு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. வாயெல்லாம் புண். இட்லியைக் கரைத்துக் கொடுத்தாலும் இறங்காது. ஐம்பத்து நான்கு கிலோ இருந்தவள் நாற்பத்தொன்றரைக்கு வந்து நின்றாள். நாற்பதுக்குக் கீழே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ரசியாவின் அக்கா கடைசி மூன்று மாதம் அப்படிக் குழாயோடுதான் கிடந்தாள். பிடுங்கி எறிந்துவிடுவாள் என்று கையைக் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். கூட இருந்து பார்த்துக்கொண்டவள் ரசியாதான். அன்றைக்கு வேலூரிலிருந்து திரும்பும்போது போளூர் தாண்டியதும் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"எது குடுத்தாலும் குடிக்கிறேங்க. மூக்குல குழா மட்டும் போட உட்டுடாதீங்க."

போட விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். யோசிக்காமல் கொடுத்த வாக்கு.

மகள் சதஃப் ஓசூரிலிருந்து கைக்குழந்தையோடு வந்து இருபது நாள் பார்த்துக்கொண்டாள். நோன்பு பிறப்பதற்கு முதல் நாள் அவளும் போக வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு சமையலறையில் நான்தான். காய்கறி சூப் கொடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கேரட்டும் பீன்ஸும் வாங்கி வந்து, விரலை நறுக்கிக்கொண்டு, ஏதோ ஒன்றை வேகவைத்தேன். நார் தொண்டைப் புண்ணில் சிக்கி ரசியா அரை மணி நேரம் இருமினாள். ரத்தம்கூட வந்தது. பாத்திரத்தை அப்படியே கொல்லையில் கொட்டிவிட்டு வேங்கிக்கால் பக்கம் இருக்கிற சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன்.

அங்கே ஒரு அடுக்கு முழுக்க சூப் பாக்கெட்டுகள். தக்காளி, ஸ்வீட் கார்ன், மிக்ஸ்டு வெஜிடபிள், காளான், ஹாட் அண்ட் சோர். அட்டையில் இருக்கிற கிண்ணத்தைப் பார்த்தால் நோன்போடு நிற்கிற எனக்கே வயிறு கூப்பிட்டது. பில் போடுகிற பெண் கீர்த்தனா நம் கடையில் கல்யாணத்துக்கு மெத்தை வாங்கியவள். தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்தால் போதும், நாரே இருக்காது என்றாள். ஒரு பாக்கெட்டுக்கு நாலு கப் தண்ணீர் ஊற்றுங்கள் என்றும் சொன்னாள். பாக்கெட்டின் பின்னால் நாலு கப் படம் வரிசையாகப் போட்டிருப்பதைக் காட்டினாள்.

தலையை ஆட்டிவிட்டு வந்தேன், ஆனால் நம்பவில்லை. முப்பது வருஷமாக மெத்தை விற்கிறவன் நான். எதற்குள் எதைத் திணித்து எவ்வளவு உப்பலாகக் காட்டலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நாலு கப் வரும் என்று கம்பெனிக்காரன் சொன்னால் இரண்டு கப்புக்குத்தான் சத்து இருக்கும். ரசியாவால் ஒரு வேளைக்கு ஒரு டம்ளருக்கு மேல் குடிக்கவும் முடியாது. அந்த ஒரு டம்ளரில் சத்து ஜாஸ்தியாக இறங்கட்டும் என்று முழுப் பாக்கெட்டையும் ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கொட்டிக் காய்ச்சினேன். கூழாட்டம் வந்தது. கொதிக்கிற எதற்கும் உப்புப் போடுவதைப் பார்த்திருக்கிறேன் அல்லவா, அதனால் ஒரு ஸ்பூன் உப்பும் போட்டேன்.

ருசி பார்க்கவில்லை. நான் நோன்பு. அவள் குடிப்பது காலை பதினொரு மணிக்கும் சாயந்திரம் நாலு மணிக்கும். இரண்டுமே நோன்பு நேரம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்குக் கல்யாணமாகி வந்த முதல் ரமலானில், கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த ரசியா ஒரு சொட்டை நுனி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பியதைக் கண்டுவிட்டேன். சமைக்கிறவள் அப்படிப் பார்க்கலாம், விழுங்காதவரை நோன்பு முறியாது என்று அவள் சொல்லச் சொல்ல நான் கேட்கவில்லை. என் வீட்டில் நோன்பு நேரத்தில் கரண்டி நாக்கில் படக்கூடாது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன். அதற்கப்புறம் அவள் வைத்ததேயில்லை. என் வீட்டு நோன்பு எவ்வளவு சுத்தம் என்று பள்ளிவாசலில் பலரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

நாளுக்கு ஒரு தினுசாகக் கொடுத்தேன். முதல் நாள் தக்காளி. டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே முக்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, நல்லா இருக்கு என்றாள். ருசியே தெரியாதவளிடம் எதற்குக் கேட்டேன் என்று இன்றைக்கு நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. ஹாட் அண்ட் சோர் கொடுத்த அன்று அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அது காரம், நாளைக்கு வேறு வாங்கி வருகிறேன் என்றேன். பரவாயில்லை என்று டம்ளரைக் காலி செய்துதான் கொடுத்தாள். ஒரு நாளும் அவள் மிச்சம் வைக்கவில்லை. காலியான பாத்திரத்தை நான் கழுவிக் கவிழ்த்துவிடுவேன்.

பதினைந்தாவது நோன்பன்று வேலூரில் எடை பார்க்கப் போனோம். முந்தின நாள் பௌர்ணமி. கிரிவலம் முடித்த கூட்டம் விடிந்தும் பஸ் ஸ்டாண்டை விட்டுப் போகவில்லை. மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நாலாவது பஸ்ஸில் அவளுக்கு மட்டும் ஒரு இடம் பிடித்தேன். அவள் மடியில் பையை வைத்துவிட்டு வேலூர் வரைக்கும் நின்றேன். எனக்குக் களைப்பே தெரியவில்லை. அவள் முகம் லேசாக உப்பியிருந்தது, கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்.

எடை மெஷின் நாற்பத்திரண்டு கிலோ முந்நூறு கிராம் காட்டியது. எண்ணூறு கிராம் ஏறியிருக்கிறது. எல்லாம் சூப்தான் டாக்டர், நானே காய்ச்சினது என்றேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. குனிந்து ரசியாவின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி மேலே வரவில்லை.

"இது சதை இல்லைங்க, தண்ணி. எவ்ளோ உப்பு குடுக்கறீங்க?"

ஒரு ஸ்பூன் என்றேன். உப்பைக் குறைக்கச் சொன்னார். தண்ணீர் வடிய மாத்திரை எழுதிக் கொடுத்தார். எட்டு நாள் கழித்து வர வேண்டும், நீர் வடிந்து நாற்பதுக்குக் கீழே காட்டினால் இனிமேல் தள்ளிப்போட முடியாது என்றார். ரசியா தன் கால் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வர நாலரை ஆகிவிட்டது. இனிமேல் உப்புப் போடக்கூடாது என்று புத்தியில் ஏறியிருந்தது. ஸ்வீட் கார்ன் பாக்கெட்டைப் பிரித்து, தனியாக உப்புப் போடாமல், அதே ஒன்றரை டம்ளரில் காய்ச்சிக் கொடுத்தேன். பயணக் களைப்பில் அவள் பாதியோடு நிறுத்திவிட்டாள். எனக்கும் பள்ளிவாசலுக்கு நடக்கத் தெம்பில்லை. பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் வீட்டிலேயே பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தேன். கஞ்சி இல்லை. அவள் மிச்சம் வைத்த சூப்பை எடுத்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டேன்.

விழுங்க முடியவில்லை. உப்பு. புண்ணே இல்லாத என் வாய் எரிந்தது. இது நான் உப்புப் போடாத சூப். இத்தனை நாளும் இதோடு ஒரு ஸ்பூனும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். வாஷ்பேசினில் துப்பிவிட்டு, குப்பைக் கூடையிலிருந்து பாக்கெட்டை எடுத்துத் திருப்பினேன். நாலு கப் படம் அப்படியே இருந்தது.

கோபம்தான் முதலில் வந்தது. எனக்கு எப்போதும் அதுதான் முதலில் வரும். எரிந்தால் எரிகிறது என்று சொல்லவேண்டியதுதானே, வாயில் என்ன வைத்திருந்தாய் என்று அவளிடம் கத்தினேன். வாயில் புண்ணை வைத்திருந்தவளிடம் அப்படிக் கேட்டேன்.

அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"கரண்ட் வச்ச வாய்தான, எது பட்டாலும் எரியும்னு நெனச்சேன். நீங்களும் நின்னு நின்னு காய்ச்சறீங்க. ஒரு சொட்டு நுனி நாக்குல வச்சுப் பாத்திருந்தா உங்களுக்காவது தெரிஞ்சிருக்கும்."

"நோன்புல எப்டி வைக்கறது?"

"கூடும்ங்க. பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லியிருக்காரு. நீங்கதான் கூடாதுன்னீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "முப்பத்தோரு வருஷம் கஞ்சில உப்பு சரியா இருக்குதான்னு உங்க மொகத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவேன்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. முதல் வாய் கஞ்சியை நான் விழுங்கும்போது கதவோரம் அவள் நின்றுகொண்டிருப்பாள். ஏதோ மரியாதைக்கு நிற்கிறாள் என்று நினைத்திருந்தேன். உப்பு கம்மி என்று கிண்ணத்தை நகர்த்திய நாட்கள், ஜாஸ்தி என்று விருந்தாளி முன்னால் சிரித்த நாட்கள் எல்லாம் வரிசையாக வந்தன. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். என்னை மன்னித்துவிடு என்று வாய்விட்டுக் கேட்டேன். அவள் என் முதுகில் கையை வைத்தாள்.

மறுநாளிலிருந்து நாலு கப் தண்ணீர் அளந்து ஊற்றினேன். உப்பைத் தொடவில்லை. பதினொரு மணிக்கு, நோன்போடு, அவள் கண் முன்னால் ஒரு சொட்டை நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பி வாய் கொப்பளித்தேன். அதற்குப் பிறகுதான் டம்ளரை நீட்டினேன். வாய் எரிச்சல் குறைந்தது என்றாள். ஒரு நாள் ஒன்றே கால் டம்ளர்கூடக் குடித்தாள். அல்லாஹ்விடம் நான் கேட்டதெல்லாம் அந்த நாற்பது கிலோதான்.

இருபத்து மூன்றாவது நோன்பன்று மெஷின் முப்பத்தெட்டு கிலோ எழுநூறு காட்டியது. கால் வீக்கம் சுத்தமாக வடிந்திருந்தது. குழாய் ஆறு வாரம்தான், புண் ஆறியதும் எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னார். ரசியா என்னைப் பார்த்தாள். என் வாக்கை நான் காப்பாற்றவில்லை, அந்தப் பதினைந்து நாளை உப்பில் கரைத்தவன் நான். கையைக் கட்ட வேண்டாம், நான் பிடித்துக்கொள்கிறேன் என்று நர்ஸிடம் சொன்னேன். குழாய் உள்ளே இறங்குகிற வரைக்கும் அவளுடைய இரண்டு கையும் என் கைக்குள்தான் இருந்தன. அவள் பிடுங்கப் பார்க்கவில்லை.

மறுநாள் வீட்டில், பதினொரு மணி. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி சூப்பைத் தண்ணீராகக் காய்ச்சி, இரண்டு தரம் வடிகட்டி, ஆறவைத்து ஊசிக்குழலில் எடுத்துக்கொண்டேன். இது நாக்கைத் தொடப்போவதில்லை. நேராக வயிற்றுக்குப் போகிறது, ருசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். குழாயின் மூடியைத் திறக்கப் போனேன். ரசியா கையை நீட்டித் தடுத்தாள்.

"ருசி பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஊசிக்குழலை வைத்துவிட்டுப் பாத்திரத்திலிருந்து ஒரு சொட்டு எடுத்து நுனி நாக்கில் வைத்தேன். மூக்கில் பிளாஸ்திரியோடு அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், மஃரிபுக்குக் கதவோரம் நின்று பார்க்கிற அதே மாதிரி. துப்பிவிட்டு வந்து, உப்பு சரியாக இருக்கிறது என்று சொன்னேன். சரி, ஊத்துங்க என்றாள்.