அம்மா சீரியஸ், இரண்டாம் தடவை

போனில் கொழுந்தன் ஜெயன் அழுதபோது யாம்குமாரிக்கு முதலில் துக்கம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது.

"அண்ணி, இந்தத் தடவை நிஜம்."

"போன தடவையும் இப்படித்தான் அழுதே."

"போன தடவை அழுதது நடிப்பு. இது வேற அண்ணி." மூக்கை உறிஞ்சினான். "பேனி டவுன் ஆஸ்பத்திரியில கையை விரிச்சுட்டாங்க. கிட்னி ரெண்டும் போச்சாம். வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து நாலு நாளாச்சு. கஞ்சித்தண்ணி கூட இறங்கல."

"நாலு நாளா? இப்பத்தான் வாயைத் திறக்கறியா?"

"பட்டாளத்துக்குச் சேதி போகக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டா. ஆனா தூக்கத்துல கேசர், கேசர்னு புலம்பறா. முழிச்சா வாயை மூடிக்கிறா. நாளை மறுநாள் தாண்டாதுன்னு கம்பவுண்டர் சொல்றார். அண்ணனை அனுப்பி வை அண்ணி. உன் காலைப் புடிக்கிறேன்."

அண்ணனை அனுப்பி வை. சொல்வது எளிது. மலையில் அம்மா சாகக் கிடக்கிறாள். மகன் கேசர் புன் பிரிட்டிஷ் பட்டாளத்துக் கூர்க்கா, புரூனேயின் ஏதோ ஒரு காட்டில் முகத்தில் கரி பூசிக்கொண்டு பயிற்சியில் இருக்கிறான். நடுவில் யாம்குமாரி, அதே புரூனேயில் ஸெரியா கேம்ப் குடியிருப்பில், அடுப்பில் பருப்போடு.

அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

ஹிமா, சார்ஜென்ட் மனைவி. மூன்று நாட்டு கேம்ப்களில் குடித்தனம் நடத்தியவள். புதிதாக வரும் பெண்களுக்கு பஸ் எங்கே நிற்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் சொல்லித் தருபவள். யாம்குமாரி மூச்சு வாங்கச் சொல்லி முடிப்பதற்குள் கார் சாவி ஹிமாவின் கையில் இருந்தது.

"அழுகை எல்லாம் அப்புறம். அவன் பாஸ்போர்ட் எங்க?"

"அலமாரியில."

"எடு. ஒரு பையில ரெண்டு செட் துணி, கம்பளிச் சட்டை. ரேஷன் கொண்டு போன ஹெலிகாப்டர் ரெண்டு மணிக்கு காட்டுலேர்ந்து திரும்புது. அதுல அவன் ஏறணும். விட்டா ஆத்தைத் தாண்டி உள்ளே போயிடுவாங்க. அப்புறம் பத்து நாளைக்கு ஈ காக்கா கூட வெளியே வராது."

"கேப்டன் சாகிப் நம்பணுமே அக்கா."

ஹிமா காரைக் கிளப்பப் போனாள்.

வெள்ளிக்கிழமை. பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. தொழுகைக்காகக் கடைகள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தன. வழக்கமாகக் கலகலவென்று இருக்கும் கோழிச்சோற்றுக் கடை வாசலில் ஒரு பூனை மட்டும் உட்கார்ந்திருந்தது.

"போன தடவை என்னதான் நடந்துச்சு?" காரை ஓட்டியபடி ஹிமா கேட்டாள். "கேம்ப்ல ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்க. செத்துப் பொழைச்ச அம்மான்னு கேலி வேற."

"ஜெயனுக்கு நிலம் பிரிக்கணும். அண்ணன் கையெழுத்து வேணும். தசைன் பண்டிகைக்கு லீவு கிடைக்கல. அம்மா சீரியஸ்னு சேதி அனுப்பிட்டான். இவர் அழுதுகிட்டே மலையேறிப் போனா, அத்தை கேழ்வரகுக் காட்டுல களை எடுத்துகிட்டு இருந்தாங்க."

"கேசருக்குத் தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாது. அத்தைக்கும் தெரியாது. தெரிஞ்சதும் ஜெயனை விளக்குமாத்தாலேயே அடிச்சாங்க. இவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு நின்னு போச்சு. அத்தைக்கு அதுதான் தாங்கல."

பட்டாளத்துக் குடும்ப நல அலுவலகத்தில் கேப்டன் ஹஸ்தா குருங் தனியாக இருந்தார். லம்ஜுங் மலைக்காரர். சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். யாம்குமாரியின் முகத்தைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்தார்.

"உக்காரு தங்கச்சி. கேசரோட அம்மாவா?"

"இந்தத் தடவை நிஜம் சாகிப்."

"போன தடவை இதே நாற்காலியிலதான் கேசர் உக்காந்திருந்தான். விசாரிக்காம அனுப்பி வெச்சேன். கர்னல் முன்னாடி நான் என்ன வாங்கிக் கட்டிக்கிட்டேன்கிறதை விடு." கேப்டனின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று இருந்தது. "அதே வாரம் போஜ்பூர் பையன் ஒருத்தனோட அப்பா நிஜமாவே செத்தார். அவனை நம்ப யாருக்கும் தைரியம் வரல. விசாரிச்சு முடிச்சு அனுப்பறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அவன் சாம்பலைத்தான் பார்த்தான். அந்தப் பையன் இன்னும் இங்கதான் இருக்கான். தினமும் எனக்கு சல்யூட் அடிக்கிறான்."

யாம்குமாரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"விசாரிங்க சாகிப். இப்பவே விசாரிங்க."

"பேனியில இருக்கற நம்ம பட்டாளத்து ஆளுக்குப் போன் போட்டுத் தரேன், நீயே கேளு."

கேட்டாள். மண்சரிவு. சாலை இரண்டு இடத்தில் போய்விட்டது. அந்த ஆள் நடந்தால்கூட நாளை சாயங்காலத்துக்கு முன்னால் வீட்டை எட்ட முடியாது. ஆஸ்பத்திரியில் எழுத்துச் சான்று வாங்கவும் ஒரு நாள் ஆகுமாம்.

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டரையைத் தாண்டியிருந்தது.

"சாகிப், வீடியோவில அத்தையைப் பாருங்க," என்றாள் யாம்குமாரி. "உங்க கண்ணால பாருங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

கேப்டன் யோசித்தார். "கொழுந்தனைக் கூப்பிடு."

ஜெயன் எடுத்தான். கேப்டன் சாகிப் பேசுகிறார் என்றதும் படம் ஆடியது, கூரை தெரிந்தது, குசுகுசுவென்று பேச்சுக் கேட்டது. "கொஞ்சம் இருங்க... அம்மா கொஞ்சம் இருக்கச் சொல்றா..." இணைப்பு போனது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. யாம்குமாரியின் விரல் வியர்வையில் திரையில் வழுக்கியது. நாலாவது தடவைதான் திரையில் வெளிச்சம் வந்தது.

அத்தை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மரூன் வெல்வெட் ரவிக்கை. எண்ணெய் தடவி வாரிய தலை. காதில் தட்டு போன்ற தங்கத் தோடு. முகத்தில் பவுடர். மார்பில், செத்துப் போன மாமனாரின் பழைய பட்டாளத்து மெடல்.

"கும்பிடறேன் சாகிப். சாப்பிட்டீங்களா?"

"இனிமேதான் அம்மா. உடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்." சிரித்தாள். "சின்னவன் ஒரு பயந்தாங்கொள்ளி. நான் தும்மினாலே பாடை கட்டிடுவான். அவன் பேச்சைக் கேட்டு என் பெரியவனைக் கூப்பிட்டுடாதீங்க. ஒரு தடவை என் பேரைச் சொல்லி உங்களை ஏமாத்தினாங்க. இந்த வீட்டுலேர்ந்து ரெண்டாவது தடவை அப்படி ஒரு சேதி வராது. அவன் வேலையைப் பார்க்கட்டும்."

கேப்டன் மெல்லத் திரும்பி யாம்குமாரியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

"சாகிப், அவங்க வேஷம் போடறாங்க," என்றாள் யாம்குமாரி. சொல்லும்போதே அது எவ்வளவு அபத்தமாக இருக்கிறது என்று தெரிந்தது. போன தடவை சாகாதவள் சாவதாகப் பொய். இந்தத் தடவை சாகிறவள் சாகவில்லை என்று வேஷம். யார் நம்புவார்கள்?

"ஜெயா, நீ சொல்லேன்," என்று கெஞ்சினாள்.

திரைக்குப் பின்னாலிருந்து ஜெயனின் விசும்பல் மட்டும் கேட்டது. அத்தை அவன் இருந்த பக்கம் ஒரு முறை முறைத்தாள். விசும்பலும் நின்றது.

"சரிம்மா, உடம்பைப் பார்த்துக்குங்க," என்றார் கேப்டன். விரல் சிவப்புப் பொத்தானை நோக்கிப் போனது.

அப்போது அந்தப் பக்கம், ஜன்னலுக்கு வெளியே, எருமை கத்தியது.

நீளமான, அடிவயிற்றிலிருந்து வந்த கத்தல். யாம்குமாரிக்கு அந்த எருமையைத் தெரியும். அத்தை கை தவிர வேறு கை பட்டால் உதைக்கும். கல்யாணமாகிப் போன முதல் வாரத்தில் அவளே உதை வாங்கியிருக்கிறாள்.

"அத்தை, எருமை கறக்கலையா?"

"காலையிலேயே கறந்தாச்சு."

எருமை மறுபடி கத்தியது. கேப்டனின் விரல் அந்தரத்தில் நின்றது. லம்ஜுங்கில் அவர் வீட்டிலும் எருமைகள் இருந்தன; பால் கறக்காத எருமை எப்படிக் கத்தும் என்று அவருக்குத் தெரியும்.

யாம்குமாரிக்கு அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிட்டது. சொன்னால் அந்த வீட்டில் இனி எந்த முகத்தோடு நுழைவது என்றும் தெரிந்தது.

"அப்ப இன்னொரு தடவை கறந்து காட்டுங்க அத்தை. கட்டிலை விட்டு எறங்கி வாங்க. சாகிப் பார்க்கணும்."

மருமகள் மாமியாருக்கு உத்தரவு போடுவது அந்த வீட்டில் நடந்ததே இல்லை. அதுவும் ஒரு கேப்டன் முன்னால். அத்தையின் கண்கள் திரை வழியாக வந்து அவளைச் சுட்டன. மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. கல்லு மாதிரி இருக்கிறவளுக்கு எருமை கறக்க என்ன தடை?

"தாராளமா," என்றாள் அத்தை. "ஜெயா, தடி... வேண்டாம். எனக்கு எதுக்குத் தடி?"

போர்வையை விலக்கினாள்.

கேப்டன் நாற்காலியில் முன்னுக்குச் சாய்ந்தார். பாதங்கள் இரண்டும் தலையணை போல வீங்கி, தோல் பளபளவென்று வெடிக்கத் தயாராக இருந்தது. அத்தை ஒரு காலைத் தரையில் வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறு காலை வைத்தாள். எழுந்தாள். ஓர் அடி. மெடல் ஆடியது.

அடுத்த கணம் திரையில் கூரைதான் இருந்தது. ஏதோ உருண்டு விழும் சத்தம். "அம்மா" என்று ஜெயனின் அலறல். நடுவில் அத்தையின் குரல், துண்டு துண்டாக: "ஒண்ணுமில்ல சாகிப்... தரை... வழுக்கிடுச்சு..."

கேப்டன் எழுந்து நின்றுவிட்டார். "அம்மா, படுத்துக்குங்க. இது ஆர்டர்." பிறகு ஜெயனிடம், "தம்பி, தூக்கிப் படுக்க வை. தலைப் பக்கம் உயரமா வை."

போனை வைத்துவிட்டு ரேடியோ அறையைக் கூப்பிட்டார். "ஹெலிகாப்டர் கிளம்பலையே? நிறுத்தி வை. லான்ஸ் கார்ப்பரல் கேசர் புன். அவன் ஏறாம அது கிளம்பக் கூடாது. டிக்கெட்டை நான் பார்த்துக்கறேன்."

யாம்குமாரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எழுத்துச் சான்று வர்றதுக்கு முன்னாடி ரெண்டாவது தடவையா அனுப்பறேன்," என்றார் கேப்டன், அவளைப் பார்க்காமல். "என் வேலை போச்சுன்னா உங்க வீட்டுக்கு எருமை மேய்க்க வந்துடுவேன்."

"உதைக்கும் சாகிப்," என்றாள் யாம்குமாரி. அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள்.

ஹெலிகாப்டர் இறங்கியபோது கேசர் முகத்தில் கரி, கழுத்தில் அட்டை கடித்த ரத்தம், ஒரு வாரக் காட்டு நாற்றம். விமான நிலையத்துக்குப் போகும் வண்டி எஞ்சினை நிறுத்தாமல் நின்றது. பையையும் பாஸ்போர்ட்டையும் யாம்குமாரி அவன் கையில் திணித்தாள். ஹிமா ஈரத் துண்டால் அவன் முகத்தைச் சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல அழுத்தித் துடைத்துவிட்டாள்.

"அம்மா?"

"இருக்காங்க."

"பேசினியா? என்ன சொன்னாங்க?"

"உங்களைக் கூப்பிட வேண்டாம்னு சொன்னாங்க."

கேசரின் முகம் கோணியது. "அப்ப நிஜமாவே முடியல," என்றான். வண்டியில் ஏறினான்.

நாளை காலை காட்மாண்டு. அங்கிருந்து போக்ரா, பிறகு ஜீப், சாலை போன இடத்தில் நடை. எல்லாம் சரியாக நடந்தால் நாளை மறுநாள் மத்தியானம்.

பொழுது சாயும் நேரத்தில் ஜெயன் கூப்பிட்டான். "அண்ணி, கை கால் சில்லுன்னு ஆகுது. கம்பவுண்டர் பேசிக்கிட்டே இருக்கச் சொல்றார், தூங்க விடக் கூடாதாம். நான் என்ன பேசினாலும் கண்ணை மூடிக்கிறா. உன் பேரைச் சொன்னா மட்டும் தொறக்கறா."

"காதுல வை."

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம். பிறகு அத்தையின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல.

"வெக்கம் கெட்டவளே. கேப்டன் சாகிப் முன்னாடி... என் காலைக் காட்ட வெச்சுட்டியேடி."

"ஆமா அத்தை."

"அவர் முன்னாடி விழுந்தேன். மெடலைப் போட்டுக்கிட்டு விழுந்தேன். உன் மாமனார் இருந்திருந்தா... உன்னைப் படியேத்தியிருக்க மாட்டார்."

"தப்புதான் அத்தை. இன்னும் திட்டுங்க."

"திட்டறதுக்கு... எனக்குத் தெம்பில்ல." குரல் தேய்ந்தது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டது. "தூக்கம் வருது..."

யாம்குமாரி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கேசர் இன்னும் புரூனே வானத்தைத் தாண்டியிருக்க மாட்டான்.

"அத்தை, உங்க வெண்கலக் குடம் காணாமப் போச்சே, ஞாபகம் இருக்கா? நான்தான் எடுத்து எங்க அக்காவுக்குக் கொடுத்தேன்."

அந்தப் பக்கம் கட்டில் முனகியது.

"என்னடி சொன்னே?"

"உங்க கல்யாணக் குடத்தைத்தான். எங்க அக்கா அதுல கோழிக்குத் தண்ணி வெக்கறா."

"அடிப் பாவி." மூச்சு இழுத்தது, ஆனால் வந்தது. "எங்க அப்பா வாங்கித் தந்ததுடி அது. பாக்லுங் சந்தையில... நானே கூடப் போய்..." அத்தை அந்தச் சந்தையிலிருந்து ஆரம்பித்தாள். யாம்குமாரியின் அக்காவை, அம்மாவை, ஊரை, ஊர்க் கோழிகளை, ஒருவரையும் விடவில்லை.

குடத்தை உண்மையில் எடுத்தது யார் என்று யாம்குமாரிக்குத் தெரியாது. ஹிமா ஓசைப்படாமல் வந்து சார்ஜரைச் சொருகிவிட்டு, பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தாள்.

அத்தையின் குரல் மறுபடி தொய்ய ஆரம்பித்தது. யாம்குமாரி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த பொய்யைத் தேடினாள்.