ஞானசௌந்தரியின் கூரை

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. ஆட்சி மாற்றங்கள் நாட்டின் பொருளாதாரத்தை எப்படி மாற்றின என்று எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: "சுதந்திரத்துக்குப் பிந்தைய இந்தியப் பொருளாதாரமானது..." எனக்கே தூக்கம் வந்தது. எழுந்து மீன் வாங்கப் போனேன்.

2

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஞானசௌந்தரியின் மீன்கடை. [இவள் கற்பனையோ என்று எனக்கும் சந்தேகம் வந்தது. ஆனால் கவிச்சி சட்டையை விட்டுப் போகவில்லை.] கூரை ஒழுகினால் பழையதைப் பிரிக்க மாட்டாள், அதன் மேலேயே கோணி ஊசியால் தைப்பாள்.

அடியில் ரேஷன் கோணி: எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் மாமியார் போட்டது. அதன்மேல் சிமென்ட் சாக்கு: டெல்லி அந்நிய முதலீட்டுக்குக் கதவைத் திறந்துவிட, செம்பாக்கம் ஏரி வரை அடுக்குமாடி முளைத்த காலம். அதற்கும் மேலே தேர்தல் ஃப்ளெக்ஸ்கள். ஜெயித்தவர் மேலே, தோற்றவர் கீழே. பொழிச்சலூர்ப் பக்கம் இறங்கும் விமானங்கள் அந்தக் கூரையை இடிக்காமலிருக்கக் கொஞ்சம் ஒதுங்கிப் போகின்றன. நம்பாதவர்கள் அண்ணாந்து பார்க்கலாம்.

என் கட்டுரை சொல்ல வந்ததும்... சரி, விடுங்கள். பொக்லைன் வந்துவிட்டது.

3

கூடவே ஒரு அதிகாரி. நடைபாதைக் கடைகளை அகற்ற உத்தரவு.

"கூரையைப் பிரிம்மா. இல்லைன்னா இழுத்துடுவோம்."

"இது போனா எங்க வூட்ல அடுப்பு எரியாது சார். இழுக்கிறதுன்னா இழு. மேல கீறவரு இப்ப ஆள்றவரு. அவரு மூஞ்சி கிழிஞ்சா நாளைக்கே உனக்கு ட்ரான்ஸ்ஃபர்."

"அப்ப அதை மட்டும் நீயே எடுத்துடு."

"எடுத்துட்டேன்னே வெச்சுக்க. அதுக்கு அடியில கீறவரு போன வாட்டி தோத்தவரு. அடுத்து அவருதான்னு ஊரே பேசிக்கினு கீது. அப்பவும் உனக்குத்தான் பேஜார்."

அதிகாரி கூரையை அண்ணாந்து பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் யாராவது கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பொக்லைன் ஓட்டுநர் இறங்கிவந்தார். "சார், எனக்கு வயிறு சரியில்ல."

4

"கடை போயிற்று" என்று ஒரு முடிவு எழுதினேன். அடித்துவிட்டேன். ஏனென்றால் அதிகாரி அரைக் கிலோ நெத்திலியைக் காசு கொடுத்தே வாங்கினார். பொக்லைன் காலி கையோடு அவர் பின்னாலேயே திரும்பியது. தெருவே விசிலடித்தது. விசிலடித்தவர்களில் நானும் ஒருவன். அடித்த வேகத்தில் என் பல்செட் மட்டும் சாக்கடை வரை போய்வந்தது.

அடுத்த அடுக்கில் யார் முகம்? அதை நான் எழுத முடியாது. விரலில் மையோடு நீங்கள்தான் வந்து சொல்ல வேண்டும். ஞானசௌந்தரி ஊசியில் நூல் கோத்து வைத்திருக்கிறாள்.