காப்பு கட்டியிருக்கு

மாரியம்மன் கோயில் வாசலில் பூசாரி என் வீட்டுக்காரர் கையில் காப்புக் கட்டியபோது ஊரே கைகூப்பி நின்றது. நானும் கூப்பினேன். ஆனால் என் மனதில் அப்போது பக்தி ஒன்றும் இல்லை. தப்பித்தாயடி நீலாம்பாள் என்றுதான் உள்ளே ஓடியது. இனித் திருவிழா முடிகிறவரை இந்த மனிதர் ஊர் எல்லையைத் தாண்ட முடியாது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வரவும் முடியாது.

அந்த வாரம்தான் என் வலது மார்பில் ஊசி குத்திச் சதை எடுத்திருந்தார்கள். டாக்டரம்மா நல்ல மாதிரி, முகத்தைப் பார்த்துப் பேசினார். "வியாழக்கிழமை ரிசல்ட் வந்துடும்மா. வரும்போது வீட்டுக்காரரையும் அழைச்சுக்கிட்டு வாங்க" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை நீடாமங்கலம் வரை பஸ்ஸில் மென்றுகொண்டே வந்தேன். ஒன்றும் இல்லையென்றால் எதற்கு வீட்டுக்காரர்? சர்க்கரை பார்க்கப் போனபோது யாரும் வீட்டுக்காரரைக் கேட்கவில்லையே.

அவருக்கு இதில் எதுவுமே தெரியாது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் சத்துணவு அமைப்பாளர். தஞ்சாவூரில் மீட்டிங் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். மீட்டிங் என்றால் என் வீட்டுக்காரர் இளையபெருமாள் மறுகேள்வி கேட்க மாட்டார். பொதுவாகவே அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையை வாங்க நான் ஒன்பது வார்த்தை செலவழிக்க வேண்டும்.

எங்கள் ஊரில் கரகம் எடுப்பது அவர் குடும்பத்துப் பாத்தியம். காப்பு ஏறிவிட்டால் ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். கரகக்காரருக்கு அந்தச் சலுகையும் கிடையாது. கோயிலில்தான் படுக்கை. ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் வீட்டிலிருந்து போக வேண்டும். வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. கட்டிய காப்பைப் பாதியில் அவிழ்ப்பதென்றால் அந்த வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும். வேறு எதற்கும் அவிழ்த்ததில்லை. என் மாமனார் ஒரே ஒரு தடவை அவிழ்த்திருக்கிறார், அவரைப் பெற்றவள் செத்த அன்று.

கட்டியை நான் கண்டது மாசியில், வயலில் உளுந்து பூத்திருந்த சமயம். குளிக்கும்போது சோப்பு போட்ட கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு இருக்கும். அழுத்தினால் நகரவில்லை, வலிக்கவும் இல்லை. வலிக்கவில்லை என்றதும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. வலித்தால்தானே வியாதி என்று துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் இடது பக்கத்திலும் தேடினேன். அங்கேயும் ஒன்று இருந்துவிட்டால் இது எல்லாருக்கும் இருப்பதுதான் என்று வைத்துக்கொள்ளலாமே! இருபது நிமிஷம் தேடியும் கிடைக்கவில்லை. கட்டி இல்லையென்று அழுத ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

அதன் பிறகு நான் நானாக இல்லை. மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டேன். காலையில் கரைந்திருக்கிறதா என்று பார்த்தேன், சாயங்காலம் பார்த்தேன். சமையல் உதவியாளர் கலைமகளை, முட்டை ஓடு சரியாக உரிக்கவில்லையென்று பிள்ளைகளுக்கு எதிரிலேயே கத்தினேன். அவள் பாவம், எனக்கு உடம்பு முடியவில்லையோ என்று சுக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். அதைக் குடிக்கும்போது அழுகை வந்தது. தெருவில் போகிற பெண்களையெல்லாம் பார்த்தேன். எல்லாரும் எதுவும் இல்லாமல் சாதாரணமாக நடந்து போகிறார்களே என்று வயிறு எரிந்தது.

என் மகள் தமிழ்நிலா ஓசூரில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் தவறாமல் போன் பண்ணுவாள். "என்னம்மா, குரலே சரியில்ல?" என்றாள் ஒருநாள். "உளுந்து பிடுங்கற தூசி" என்றேன். தாய்க்கு வந்தால் மகளுக்கும் வருமாமே, அது உண்மையா என்று யாரிடம் கேட்பது? எனக்கு வந்தது போகட்டும், அவளுக்கு நான் எதைக் கொடுத்திருக்கிறேனோ என்பதுதான் என்னைத் தின்றது.

வீட்டுக்காரருக்கு கேஸ் சிலிண்டர் மாற்றக் கற்றுக்கொடுத்தேன். "இப்ப எதுக்கு இது?" என்றார். "தெரிஞ்சுக்கிட்டா தேஞ்சா போயிடுவீங்க?" என்றேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே ரெகுலேட்டரைத் தலைகீழாக மாட்டப் பார்த்தார். இந்த மனிதர் நான் இல்லாமல் என்ன செய்வார் என்று நினைத்ததும் அங்கே நிற்க முடியவில்லை. கொல்லைப்பக்கம் போய்த் துவைத்த புடவையையே மறுபடி துவைத்தேன்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் ஷிஃபா டீச்சர். நீடாமங்கலத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர், என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். அரிசி அளக்கும்போதும் காய் நறுக்கும்போதும் என் கை தானாக மார்புப் பக்கம் போய்வந்ததை அவர் கவனித்திருக்கிறார்.

"அங்க என்னாக்கா?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"ஒண்ணுமில்லாததையா நாள் பூரா தொட்டுப் பாக்கறீங்க?"

ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அவரிடம் சொல்லிவிட்டேன். அவர்தான் நீடாமங்கலத்தில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினார். வலியில்லாத கட்டியைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று அந்த டாக்டர் சொன்னபோது, ஒரு மாதமாக நான் பிடித்துக்கொண்டிருந்த கொம்பு கையோடு வந்துவிட்டது. பிறகு தஞ்சாவூர், ஸ்கேன், ஊசி. எல்லாவற்றுக்கும் டீச்சர்தான் கூட வந்தார்.

காப்புக் கட்டிய வாரத்தில் புதன்கிழமை, பிள்ளைகள் சாப்பிட்டுப் போனதும் டீச்சர் என்னிடம் வந்தார்.

"நாளைக்கு லீவு போட்டுட்டேன்க்கா. காலையில முதல் பஸ்ஸுல வந்துடுங்க. நான் நீடாமங்கலத்துல நிக்கிறேன்."

"காப்பு கட்டியிருக்கு டீச்சர். திருவிழா முடியட்டும், பாத்துக்கலாம்."

"காப்பு உங்களுக்கா கட்டியிருக்கு?"

"அவரைத்தான அழைச்சுக்கிட்டு வரச் சொன்னாங்க? அவரு எப்படி வருவாரு?"

"முதல்ல அவருக்குத் தெரியுமா?"

நான் அண்டாவைத் தேய்த்தேன். டீச்சர் போகவில்லை.

"நீங்க அம்மனுக்காக நிக்கலக்கா. அம்மனுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு நிக்கறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. "எங்க சாமியைப் பத்தி உங்களுக்கு என்னா டீச்சர் தெரியும்? உங்க சாமியைப் பத்தி நான் ஏதாவது பேசினேனா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சின்னதாகிவிட்டது. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு போனார். எனக்காகத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நாள் முழுக்க நின்ற பெண்ணிடம் இப்படிப் பேசின வாயை எதால் அடிப்பது? ஆனால் அவர் சொன்னது உண்மை. உண்மை என்பதால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்து, தயிர்சாதம் பிசைந்து தூக்கில் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். விரதம் இருப்பதால் அவருக்கு அதுதான் அன்றைக்கு ஒரே சாப்பாடு. கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் வேட்டி, கையில் மஞ்சள் கிழங்கு கட்டிய காப்பு, தாடி. இலையில் சாதத்தை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

எனக்கு அவரிடமிருந்து வேண்டியிருந்தது ரொம்பச் சின்ன விஷயம். போயிட்டு வா, ஒண்ணும் இருக்காது என்று சொன்னால் போதும். புயலில் தென்னை விழுந்தபோதும், அறுக்க வேண்டிய நெல் மழையில் படுத்தபோதும் அப்படிச் சொல்லி என் எரிச்சலைக் கிளப்பினவர்தானே. இன்றைக்கும் கிளப்பட்டும் என்று நினைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"எந்தப் பக்கம்?"

"வலது."

"எப்பலேருந்து?"

"மாசியிலேருந்து."

ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. ஒரு பருக்கையைக்கூட வீணாக்காதவர், பாதிச் சாதத்தோடு இலையை மடித்துவிட்டார்.

"நாளைக்கு ரிசல்ட்டு. டீச்சர் கூட வர்றேன்னிருக்காங்க. நான் போயிட்டு வந்துடறேன். நீங்க அம்மன் காரியத்தைப் பாருங்க" என்றேன். அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

"ம்" என்றார்.

அவ்வளவுதான். இத்தனை நாளாக அவருக்குத் தெரியாமல் சுமந்ததைக் கொண்டுவந்து இறக்கி வைத்தால் ஒரு ம். தூக்கை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வந்துவிட்டேன். வழியெல்லாம் அவரைத் திட்டினேன், அம்மனையும் சேர்த்துத் திட்டினேன். வீட்டுக்கு வந்ததும் டீச்சருக்குப் போன் பண்ணி, "மன்னிச்சுக்குங்கம்மா, நாளைக்கு வர்றேன்" என்றேன். "அழாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு அவரும் அழுதார்.

காலையில் பாலத்துக்கு இந்தப் பக்கம் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தேன். வாய்க்கால் காய்ந்து கிடந்தது. எதிரே வயலில் உளுந்து பிடுங்க ஆட்கள் இறங்கியிருந்தார்கள். திருவிழா மைக்செட் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

கோயில் பக்கத்திலிருந்து ஒருவர் வருவதைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, படிய வாரின தலை. கிட்டே வரும்வரை அது அவர்தான் என்று எனக்குத் தோன்றவேயில்லை. வழியனுப்ப வருகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம்தான் கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் மஞ்சளாக ஒரு கோடு மட்டும் இருந்தது.

"காப்பு எங்கங்க?"

"பூசாரிக்கிட்ட குடுத்துட்டேன். தம்பி மவன் சாரங்கபாணி கட்டிக்கிட்டான். அவன் எடுப்பான் கரகம்."

பாதியில் காப்பு அவிழ்ப்பது எதற்கு என்று ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். ரிசல்ட்டைப் பார்க்காமலேயே இந்த மனிதர் முடிவு கட்டிவிட்டார். டாக்டரம்மா சொல்லாததை என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

"நான் இன்னும் சாவலீங்க" என்றேன்.

"தெரியும்."

"அப்பறம் எதுக்கு அவுத்தீங்க? உங்க வீட்டுல சாவுக்குத்தான அவுப்பாங்க? போங்க, போய்த் திரும்பக் கட்டிக்குங்க. நான் தனியாவே போயிக்கிறேன்." உளுந்து வயலில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கும்படி கத்தினேன். கத்தினால் நடந்தது நடக்காததாகிவிடும் என்பதுபோல.

அவர் சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். பேச வேண்டியிருந்தால் இப்படித்தான், ஏதாவது ஒரு வேலை வேண்டும் அவருக்கு.

"பூசாரி வேண்டாம்னுதான் சொன்னாரு. பாதியில அவுத்தா ஆத்தாளுக்குக் கோவம் வந்துடும்னாரு" என்றார். "வரட்டும்னேன்."

"என்னாங்க இது?"

"யாரு மேல வரும்? அவுத்தவன் மேலதான வரும்." வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நம்ம வூட்டுலேருந்து அவளுக்கு ஒரு ஆள் வேணும்னா, அது நானா இருந்துட்டுப் போறேன். உன்னைய விட்டுடட்டும்."

கல்யாணம் ஆனதிலிருந்து இந்த மனிதர் என்னிடம் இவ்வளவு பேசினதில்லை. ஆசையாக ஒரு வார்த்தை பேச மாட்டாரா என்று நான் ஏங்கின காலமெல்லாம் உண்டு. இப்போது பேசினார். பேசியிருக்க வேண்டாம் என்று இருந்தது. என் கட்டி கெட்டதாக இருந்தால் நான் போவேன், நல்லதாக இருந்தால் அவர் போய்விடுவார் என்று ஒரு கணக்கு மனதில் எழுந்தது. பைத்தியக்காரக் கணக்குதான். டாக்டரம்மாவிடம் சொன்னால் சிரிப்பார். ஆனால் நான் அந்த அம்மனுக்கு மஞ்சள் நீர் ஊற்றி வளர்ந்தவள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா, இந்தக் கிறுக்கு மனுஷன் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதே என்று வாய்க்குள் சொன்னேன். எனக்கு என்னவோ அதை எனக்கே வைத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

பஸ் வந்தது. எப்போதும் பின்னால் ஆண்களோடு நின்றுகொள்கிறவர், என் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் பாலத்தில் ஏறியபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. பஸ் குலுங்கிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கியது. அப்புறம்தான் அவர் கண்ணைத் திறந்தார்.

முன் சீட்டில் எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தி, கரகக்காரர் மாதிரி இருக்கிறதே என்று திரும்பத் தொடங்கினாள். நான் முந்தானையை இழுத்து அவர் மணிக்கட்டின் மேல் போட்டு, அதன்மேல் என் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். நீடாமங்கலம் வரும்வரை எடுக்கவில்லை.