தாழ்ப்பாளில் கட்டிய துணி

பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பல் தேய்த்தான். பொங்குவதற்குள் வந்து அணைத்தான். மூன்று தம்ளர்களை எடுத்தான். இரண்டைத் திரும்ப வைத்தான். காபியை நின்றபடியே குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். காலரில் தொடங்கிக் கைகளில் முடித்தான். மனைவி இறந்து ஓர் இரவு ஆகியிருந்தது.

நேற்று மதியம் சமையலறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, மூளைக்குள் ரத்தக் கசிவு, ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். இன்று நண்பகலில் உடலைக் கொடுப்பார்கள்.

கூடத்தில் மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவியின் பெரியப்பா போனில் வண்டிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். உடைந்த ஜன்னலில் அட்டை சொருகியிருந்தது.

வாசலில் கீழ்வீட்டு டெய்லர், ராத்திரி தானே வந்து திறந்துவிட்ட பூட்டின் சாவியை நீட்டினார்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் தம்பி செஞ்சேன்."

ஆம்புலன்ஸ் போன பிறகு வீடு திறந்து கிடந்ததைப் பார்த்து, தன் கடைப் பூட்டைக் கொண்டுவந்து வெளிப்பக்கம் பூட்டியிருக்கிறார். மனைவியின் தம்பி சின்னவன் மனநோயாளிகளுக்கான பகல் மையத்திலிருந்து திரும்பியபோது கதவில் பூட்டுத் தொங்கியது. அக்கா அக்கா என்று தட்டினான். பிறகு கையால் ஜன்னலை உடைத்தான். யாரோ போலீசைக் கூப்பிட்டார்கள். வந்த கான்ஸ்டபிளை அவன் தள்ள, அவர் படியில் உருண்டார். சின்னவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அந்த வீட்டில் கதவைத் தாழிடுவதில்லை. இரண்டு வருடம் முன்பு, டிப்போவில் நின்ற பஸ்ஸுக்குள் ஏறிப் படுத்துக்கொண்டு, காதில் கேட்ட குரல்களோடு சண்டை போட்ட சின்னவனைச் சிறையில் வைத்தார்கள். அவன் அக்கா நடையாய் நடந்து, கோர்ட்டின் நலப்பணியாளர் அம்மாவின் உதவியோடு அவனை வீட்டுக்கும் பகல் மையத்துக்குமாக மாற்றி வாங்கினாள். வந்தவனுக்குத் தாழ் போட்ட கதவுக்குப் பின்னால் தூக்கம் வரவில்லை. அவள் பழைய துப்பட்டாவைக் கிழித்து உள்பக்கத் தாழ்ப்பாளைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். அன்றிலிருந்து தூங்கினான்.

போன் அடித்தது. நலப்பணியாளர். பத்தரைக்கு வழக்கை எடுப்பார்கள், ஒரே வீட்டில் இருப்பவர் யாராவது வந்து பொறுப்பேற்க வேண்டும், இல்லாவிட்டால் ஜெயில்தான் என்றார். இன்று இதைக் கேட்கக்கூடாதுதான் என்றும் சொன்னார்.

பெரியப்பாவுக்கு அது காதில் விழுந்தது. "விடுங்க மாப்ள. ரெண்டு வாரம் உள்ள இருந்தா தேஞ்சா போயிடுவான்? இவள அனுப்பி வைக்கறதா, அவனப் பிடிச்சு வைக்கறதா?"

அவன் செருப்பை மாட்டினான். மாமியார் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. வேறொன்று கேட்டார்.

"கடைசியா ஏதாவது சொன்னாளா மாப்ள?"

"வந்துடறேன்" என்று இறங்கினான்.

கோர்ட் வராந்தாவில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே சின்னவன் உட்கார்ந்திருந்தான். வலது கையில் கட்டு. இவனைப் பார்த்துவிட்டு, இவனுக்குப் பின்னால் பார்த்தான்.

நலப்பணியாளர் இவனைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப்போனார். "அவருக்கு இன்னும் தெரியாது. இப்ப சொல்லி அவரு கத்தினா, உள்ள நான் பேசறது எதுவும் எடுபடாது."

"சொல்லாம கூட்டிட்டுப் போனா?"

"வீட்டு வாசல்ல தெரிஞ்சுரும். அப்புறம் உங்க கையால மாத்திர வாங்க மாட்டாரு."

அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அரசு வக்கீல், இது இரண்டாவது தடவை, போன தடவை வெளியே விட்டதன் பலன்தான் ஒரு போலீஸ்காரரின் முட்டியில் இருக்கிறது என்றார். நலப்பணியாளர், இந்த இரண்டு வருடம் இவர் மாத்திரை தவறியதில்லை, மையத்தில் அட்டைப்பெட்டி மடிக்கும் வேலைக்கு மழையிலும் வந்தவர், நேற்று வீடு பூட்டியிருந்ததுதான் காரணம் என்றார். மாஜிஸ்ட்ரேட் அம்மா கேட்டுக்கொண்டே பழைய உத்தரவைப் பார்த்தார்.

"மாத்திர குடுக்கறது அக்கான்னு இருக்கே. அவங்க வரலையா?"

சின்னவன் திரும்பி இவனைப் பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. இன்னும் அங்கேதான் இருந்தாள். வாயில் அந்தச் சொல் தயாராக இருந்தது.

"இறந்துட்டாங்க" என்றான். "நேத்து சாயங்காலம்."

போலீஸ்காரர் சின்னவனின் முழங்கையைப் பிடித்தார். மற்றவர் கதவருகே நகர்ந்தார். நலப்பணியாளர் கண்ணை மூடிக்கொண்டார். சின்னவன் தன் கைக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்ப பூட்டினது அக்கா இல்லையா?"

"இல்லடா. கீழ்வீட்டு டெய்லர். திருடன் வந்துருவான்னு."

"நம்ம வீட்ல என்ன மாமா இருக்கு?"

முழங்கையைப் பிடித்திருந்த போலீஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பிடி தளர்ந்தது. சின்னவன் அங்கேயே தரையில் உட்கார்ந்தான். தோள்கள் குலுங்கின, சத்தம் வரவில்லை. யாரோ தூக்கப் போனார்கள். மாஜிஸ்ட்ரேட் கையைக் காட்டித் தடுத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார். பிறகு இவனிடம் கேட்டார்.

"நீங்க வேலைக்குப் போறவரு. இப்ப தனியாள் வேற. உங்களால முடியுமா?"

"தெரியல மேடம். அவன் வீடு அதுதான்."

மாஜிஸ்ட்ரேட் எழுதினார். வீடு, பகல் மையம், மாத்திரை. நலப்பணியாளர் வந்து பார்ப்பார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஜெயில்.

இருவரும் ஆட்டோவில் திரும்பினார்கள். வீட்டுப் படிகளில் செருப்புகள் கிடந்தன. அவளைக் கொண்டுவந்துவிட்டார்கள். கதவு விரியத் திறந்திருந்தது. டெய்லர் சுவரோடு ஒட்டி வழிவிட்டார். சின்னவன் கடைசிப் படியில் நின்றுவிட்டான்.

உள்ளே பெரியப்பா எழுந்தார். "உள்ள வந்ததும் கதவச் சாத்திடுவோம் மாப்ள. ஓடிட்டான்னா இன்னிக்கி யாரு தேடறது?"

அவரே வந்து தாழ்ப்பாளில் கட்டியிருந்த துணியை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகத்தால் நெம்பினார். சின்னவன் ஒரு படி கீழே இறங்கினான். இன்னொரு படி.

இவன் பெரியப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தான். அப்படி அவரை இவன் தொட்டதே இல்லை. மகளின் தலைமாட்டில் இருந்த மாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

"காலைல கேட்டீங்களே அத்தை" என்றான். கையை விடவில்லை.

நேற்று ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு இந்த வாசலைத் தாண்டும்போது அவள் கதவு நிலையைப் பிடித்து நிறுத்தினாள். நாக்குக் குழறியது. ஆனாலும் புரிந்தது.

"தாழ்ப்பாள் போட்டுடாதீங்க. சின்னவன் வந்துருவான்."